தானாக விழுந்ததாக எழுதிவிட்டார்கள், இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. வெல்டிங் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார், கூலி ரொக்கமாகத்தான் வரும். நான்கு மாதம் பத்து நாளைக்கு முன்பு மாலையில் பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பெட்ரோல் பங்கிலிருந்து சிக்னல் போடாமல் வெளியே திரும்பிய சின்ன சரக்கு வண்டி அவர் மீது மோதியது. வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தோம், செலவு 1,35,000 ரூபாய் வரை ஆனது. முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அந்த வண்டி டிரைவர்தான். அங்கே அவர் 'பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்' என்று சொல்ல, டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார். மறுநாள் என் தம்பி வண்டி நம்பரோடு ஸ்டேஷனில் புகார் கொடுத்தான். சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் வண்டி உரிமையாளர் ஜிபேயில் 20,000 அனுப்பி, 'இனி எந்தப் பிரச்சனையும் செய்ய மாட்டோம்' என்று ஒரு தாளில் எழுதி என் கணவரின் இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதைக் காட்டி, 'சமாதானம் ஆகிவிட்டதே' என்று ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. ஹெல்மெட் போடவில்லை. லைசென்ஸும் காலாவதியாகியிருந்தது. மருத்துவமனைக்கு வந்த ஒருவர், 'கேஸ் நடத்தித் தருகிறோம், கிடைப்பதில் பங்கு கொடுத்தால் போதும்' என்று வெறும் தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார். பிறகு ஆளையே காணோம். இப்போது வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தால் கை நடுங்குகிறது என்கிறார். எங்களுக்கு இழப்பீடு கேட்க உரிமை இருக்கிறதா?

பதில்: சகோதரி, உரிமை இருக்கிறது. இருக்கும் நாள்தான் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-வது பிரிவில் 2019-இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இந்தக் காலக்கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பிக்கொண்டு நீங்கள் தள்ளிப்போட வேண்டாம். கையிலிருக்கும் 50 நாளுக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். சிகிச்சை முடியட்டும், ஊனச் சான்றிதழ் வரட்டும், போலீஸ் குற்றப்பத்திரிகை போடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவற்றையெல்லாம் விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம்.

அடிபட்ட எல்லோருக்கும் இழப்பீடு கிடைத்துவிடாது. 166-இன் கீழ் கேட்க மூன்று விஷயம் வேண்டும்: எதிர்வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவு, அந்தக் கவனக்குறைவால்தான் இந்தக் காயம் என்ற தொடர்பு, காயத்தால் வந்த நஷ்டம். தன் வண்டியில் தானே சறுக்கி விழுந்தவர் யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. வண்டி உரிமையாளரே ஓட்டி விழுந்திருந்தால், அவருடைய பாலிசியில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் மரணத்துக்கும், பாலிசியில் குறிப்பிட்டிருக்கும் பெரிய நிரந்தர ஊனங்களுக்கும்தான். எலும்பு முறிவுக்கு வராது. அதனால்தான் 'தானாக விழுந்தார்' என்ற இரண்டு சொல்லை இன்சூரன்ஸ் கம்பெனி விடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் வழக்கின் பாதி அந்த இரண்டு சொல்லைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

ஆனால் நீங்கள் பயப்படும் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அவையே உங்களுக்குச் சாட்சி சொல்கின்றன.

முதலில் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பது. அதில் காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டுக் கலங்காதீர்கள். அழைத்து வந்தவர் யார் என்ற விவரமும் அதிலேயே இருக்கும். அங்கே டிரைவரின் பெயர் இருந்தால், மோதிய வண்டியின் டிரைவர்தான் அந்தத் தகவலைச் சொன்னவர் என்று ஆகிறது. தன் மீது வழக்கு வராமலிருக்க ஒருவர் சொன்னதை, வலியில் துடித்தவரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது. நகலை உடனே வாங்குங்கள். பெயர் இல்லாவிட்டாலும், அவர்தான் அழைத்துப்போனார் என்பதைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம்.

இரண்டாவது அந்தச் சமாதானத் தாளும் 20,000 ரூபாயும். 'கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி கேட்க முடியாதே' என்பது உங்கள் பயம். எதிர்த்தரப்பு அப்படி வாதாடும் என்பது உண்மை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில், காயம் எவ்வளவு என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் வாங்கிய தாள் உங்கள் உரிமையைத் தானாகப் பறித்துவிடாது. நியாயமான இழப்பீடு எது என்று தீர்மானிக்கும் வேலையைச் சட்டம் தீர்ப்பாயத்திடம்தான் கொடுத்திருக்கிறது. வாங்கிய 20,000 கடைசித் தொகையில் கழிக்கப்படலாம். மறுபக்கம் பாருங்கள்: சம்பந்தமே இல்லாத ஒரு வண்டிக்காரர் எதற்காக முன்பின் தெரியாத வெல்டருக்குப் பணம் அனுப்ப வேண்டும்? அந்த ஜிபே பரிவர்த்தனையில் அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. வங்கிக்குப் போய் முத்திரையோடு கணக்கு அறிக்கை வாங்கி வையுங்கள். தாளின் படம் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். இந்தப் பணம் வாங்கியதை மனுவிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து, குறுக்கு விசாரணையில் அவர்கள் எடுத்துக் காட்டினால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும்.

மூன்றாவது சி.எஸ்.ஆர். இதுதான் உங்களிடம் உள்ளதிலேயே பலமான தாள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் எதிலும் சந்தேகப்படுவது 'வண்டி வைத்துவிட்டார்கள்' என்பதைத்தான். அதாவது தானாக விழுந்தவர், பல வாரம் கழித்து இன்சூரன்ஸ் உள்ள ஏதோ ஒரு வண்டியின் நம்பரைக் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட வைப்பது. அப்படி நடப்பதும் உண்டு. அதனால் உண்மையான வழக்கும் அந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறது. உங்கள் தம்பி மறுநாளே வண்டி நம்பரோடு கொடுத்த புகார் அந்தச் சந்தேகத்தை அடியோடு வெட்டுகிறது. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காக மட்டுமே இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல என்று காட்டவும் அந்த ரசீதே போதும்.

இப்போது செய்ய வேண்டியது எஃப்.ஐ.ஆர். பதிவாக வைப்பது. நடந்ததை முழுதாக எழுதி, சி.எஸ்.ஆர். நகலை இணைத்து, ஸ்டேஷனில் மறுபடி கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதும்போது எந்தப் பங்க், எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்தது, கணவர் எந்தத் திசையில் போனார், யார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது, அவர் அங்கே என்ன சொன்னார், ஏன் அப்போது திருத்த முடியவில்லை என்பது எல்லாம் இருக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம். கவனக்குறைவாக வண்டி ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தியது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளில் வரும். எலும்பு முறிந்தாலே சட்டத்தின் கணக்கில் அது கொடுங்காயம்தான். காயம்பட்டவரும் உரிமையாளரும் சமாதானமாகிவிட்டார்கள் என்பது எஃப்.ஐ.ஆர். போடாமலிருக்கக் காரணம் ஆகாது.

எஃப்.ஐ.ஆர். இழுபறியானால் அதற்காக ஆறு மாதத்தைக் கோட்டைவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் மனுவே போடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. புகார், சி.எஸ்.ஆர்., தபால் ரசீது, மருத்துவ ஆவணங்களோடு மனுவைத் தாக்கல் செய்துவிட்டு மீதியைப் பின்னால் சேர்க்கலாம். தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவில் காட்டினால் போதும். நாளைக்கு அந்த டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையே ஆனாலும் உங்கள் இழப்பீட்டு வழக்கு அதோடு விழுந்துவிடாது.

பைக்கைப் பழுது பார்த்துவிட்டீர்களா? பார்க்கவில்லை என்றால் அப்படியே வையுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆனதும் மோட்டார் வாகன ஆய்வாளர் அதைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். சறுக்கி விழுந்த வண்டியில் ஒரு பக்கம் முழுக்க நீளவாக்கில் உரசிய கீறல் இருக்கும். ஹேண்டில் நுனியும் ஃபுட்ரெஸ்ட்டும் தேய்ந்திருக்கும். இன்னொரு வண்டி இடித்ததில் உலோகம் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்திருக்கும், சில சமயம் இடித்த வண்டியின் பெயின்ட் ஒட்டியிருக்கும். 'தானாக விழுந்தார்' என்ற வரிக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

ஹெல்மெட்டும் லைசென்ஸும் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. ஹெல்மெட் போடாதது குற்றம், அதற்கு அபராதம் உண்டு. ஆனால் இழப்பீட்டில் கழிவு வர வேண்டுமானால், அந்தத் தவறு விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும். உடைந்தது கை எலும்பு. ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது உடைந்திருக்கும். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில்கூட, அந்த விதிமீறல் விபத்துக்குக் காரணம் என்று காட்டாமல் பங்குத் தவறு (அடிபட்டவர் மீதும் பாதித் தவறு உண்டு என்பது போன்ற பழி) சுமத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. லைசென்ஸ் இல்லை என்பதும் அப்படியே. அது மட்டுமே பங்குத் தவறு ஆகாது என்பது 2008-லேயே வந்த தீர்ப்பு. ஆனாலும் சில தீர்ப்பாயங்கள் 10 சதவீதம் கழித்துவிடுகின்றன. கழித்தால் மேல்முறையீட்டில் கேட்கலாம். எதிர்வண்டி டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரியவந்தாலும் கவலைப்படாதீர்கள். பெரும்பாலும், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் உத்தரவு வரும்.

அந்தச் சரக்கு வண்டிக்கு விபத்து நாளில் இன்சூரன்ஸ் இருந்ததா என்பதை இப்போதே பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் காப்பீடு எதுவரை என்று தெரியும். பாலிசி கைக்கு வரும்போது, அது தொடங்கிய தேதியோடு மணியையும் பார்க்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அதே நாளில் அவசரமாகப் பணம் கட்டி எடுத்த பாலிசி செல்லாது. இன்சூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளரும் டிரைவரும் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வாங்குவதைவிட வசூலிப்பது அங்கே பெரும்பாடு.

அடுத்து தொகை. பலருக்கும் இது புரிவதில்லை. நஷ்டமும் இங்கேதான் அதிகமாக நடக்கிறது.

உங்கள் கணவரின் கையை மருத்துவக் குழு பார்த்து ஒரு சதவீதம் எழுதும். முதல் சிக்கல் அதிலேயே வரும். 'வலது கையில் 40 சதவீதம்' என்பதும் 'முழு உடலுக்கு 40 சதவீதம்' என்பதும் வேறு வேறு. கைக்கு 40 என்றால் முழு உடலுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ வரலாம். இரண்டாவது சிக்கல் பெரியது. டாக்டர் எழுதுவது உடலின் ஊனம். நீதிமன்றம் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதை. உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: காயம்பட்டவர் என்ன தொழில் செய்தார், இனி எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேசை வேலை பார்ப்பவருக்கும் கையை நம்பிப் பிழைப்பவருக்கும் ஒரே முறிவு ஒரே நஷ்டத்தைத் தராது.

நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் இரண்டு வழியில் கணக்குப் போடுகிறார்கள். ஊனம் தொழிலைப் பாதிக்கவில்லை என்று நினைத்தால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால், 20 சதவீதத்துக்கு 1,00,000 ரூபாய். தொழில் பாதிக்கப்பட்டது என்று நிரூபித்தால் பெருக்கெண் முறை, அதாவது ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறை வரும். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வையுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரர், நிலையான கூலிக்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. காயம்பட்ட வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் உறுதியானது. ஆக 21,000. ஆண்டுக்கு 2,52,000. வயது 31-இலிருந்து 35-க்குள் என்றால், 2009-இன் சரளா வர்மா தீர்ப்பிலுள்ள அட்டவணைப்படி பெருக்கெண் 16. மொத்தம் 40,32,000. அதில் 20 சதவீதம் என்றால் 8,06,400 ரூபாய். வெல்டருக்கு வலது கை இப்படி ஆனதால் சம்பாத்தியத்தில் 35 சதவீதம் போனது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 14,11,200. உயிரிழந்தவர் வழக்கில் செய்வது போல சொந்தச் செலவு என்று எதையும் இதில் கழிக்கக் கூடாது.

ஒரே கை, ஒரே எக்ஸ்ரே. ஒரு பக்கம் 1 லட்சம், இன்னொரு பக்கம் 14 லட்சம். இரண்டுக்கும் நடுவே இருப்பது, அவர் வெல்டர் என்பதற்கும் இனி வெல்டிங் முடியாது என்பதற்கும் நீங்கள் காட்டும் ஆதாரம்தான். நான் போட்டது எடுத்துக்காட்டுக் கணக்கு, உங்களுக்கு இதுதான் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது வெறும் சதவீதம் இல்லை. மணிக்கட்டு மேலும் கீழும் எத்தனை டிகிரி மடங்குகிறது, உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் முழுதாகத் திருப்ப முடிகிறதா, பிடியின் பலம் இடது கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு, பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமா, அதற்கு எவ்வளவு ஆகும் – இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வெல்டிங் ஹோல்டரைக் கை அசையாமல் பிடித்து நிற்க வேண்டும், ஆர்க் இடைவெளி (வெல்டிங் கம்பி நுனிக்கும் இரும்புக்கும் நடுவே உள்ளது) கொஞ்சம் மாறினாலும் வெல்டிங் இணைப்பு கெட்டுவிடும், கிரைண்டிங் மெஷினின் அதிர்வு பிளேட் வைத்த எலும்பில்தான் போய் இறங்கும், மேலே பார்த்துச் செய்யும் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதை உங்கள் கணவர் சாட்சிக் கூண்டில் தன் வாயால் சொல்ல வேண்டும். 'முன்பு போல வேலை செய்ய முடியவில்லை' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தினால், நீதிபதிக்கு அந்தத் தொழில் கண்ணில் தெரியாது. முடிந்தவரை சிகிச்சை கொடுத்த டாக்டரையே சாட்சியாக வரவழையுங்கள். சான்றிதழ் கொடுப்பதற்காக மட்டும் ஒருமுறை பார்த்த டாக்டரின் சொல்லுக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். ரொக்கக் கூலிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. பட்டறை உரிமையாளர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எழுதியவர் வந்து சாட்சி சொல்லாத கடிதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவு. அவர் வருவாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கூலி எழுதிய நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ், தொழிலாளர் நல வாரிய அட்டை, வாராவாரம் வங்கியில் போட்ட சிறு தொகைகள், வாடிக்கையாளர் ஜிபேயில் அனுப்பியவை எதையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மைக் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதற்கு மேல் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை: மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளை இழந்தது, எதிர்கால மருத்துவச் செலவு. நீங்கள் வேலையை விட்டுவிட்டு அவருக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி விட்டதும் இதில் சேரும். மனைவிதானே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

பில்களைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் மெஷினில் அடித்துத் தரும் வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வழக்கு சாட்சிக்கு வரும்போது வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். இன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலோடு சேர்த்து ஊசி குத்துங்கள். நோயாளி பெயர் இல்லாத பில், டாக்டர் சீட்டு இல்லாத மருந்து, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த தாள் இவற்றை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். தேதி வரிசையில் அடுக்கி மொத்தம் போட்டு வையுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம்களை மடிக்காதீர்கள்.

வெறும் தாளில் கையெழுத்து வாங்கிப் போனவர் விஷயம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அதில் ஒன்று வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தாக இருக்கலாம். உங்கள் பெயரில் ஏற்கெனவே எங்காவது மனு போட்டிருக்கிறார்களா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தைத் தேர்ந்து கணவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வழக்கு எண் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்று தொடங்கும். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் மனு இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்குள்ளாகும். மனு இருந்தால் அந்த வழக்கறிஞரிடம் ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்கி வேறு வழக்கறிஞரை நியமிக்கலாம். அவர் தர மறுத்தால் நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்கலாம். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு என்று கூலி பேசுவது, இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞருக்குத் தடை செய்யப்பட்டது. வங்கிப் பாஸ்புத்தகம், ஏ.டி.எம். அட்டை, வெற்றுக் காசோலை எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

மனுவை விபத்து நடந்த எல்லையிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் எல்லையிலும் போடலாம். அலைச்சல் குறைவது எதுவோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கேட்கும் தொகையைக் குறைத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், நியாயம் என்று பட்டால் கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம். வட்டி பெரும்பாலும் மனுத் தேதியிலிருந்து, தமிழ்நாட்டில் பல தீர்ப்புகளில் 7.5 சதவீதம் என்று வருகிறது. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய். சீக்கிரம் போட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து யாராவது வந்து, 'உடனே பணம் தருகிறோம்' என்று சொன்னால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். 164-வது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் கிடைக்கும். அதைச் சட்டத்தின் 149-வது பிரிவு வழியாக ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்க முடியாது. டிரைவரின் தவறைக் காட்ட ஒரு சாட்சிகூடக் கிடைக்காத நிலை வந்தால் 2,50,000 நல்ல அடைக்கலம். ஆதாரம் கையில் இருக்கும்போது அவசரப்பட்டு வாங்கிவிட்டால் மேலே போட்ட கணக்கை இழந்துவிடுவீர்கள். லோக் அதாலத் என்ற சமரச மக்கள் நீதிமன்றத்தில் பேசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே கையெழுத்தான தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயம் கொடுக்கும் தீர்ப்புக்கு 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

ஒன்றை மட்டும் நீங்கள் கடிதத்தில் தெளிவாகச் சொல்லவில்லை. அன்று மாலை அவர் பட்டறை வேலையாக எங்காவது போய்விட்டுத் திரும்பினாரா, சும்மா வீட்டுக்கு வந்தாரா? வேலை நிமித்தமாகப் போயிருந்தால், சில சமயம் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரும் வழியில் என்றாலும், ஊழியர் இழப்பீடாக (முன்பு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு) முதலாளியிடமும் கேட்க வழி இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் விஷயத்தில் தீர்ப்பாயமே மேல் என்பது என் கருத்து. பட்டறை உரிமையாளர் உங்கள் பக்கச் சாட்சியாக வர வேண்டியவர், அவரை எதிர்மனுதாரர் ஆக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

இந்த வாரத்தில் ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, வங்கி அறிக்கை மூன்றையும் வாங்கி, புகாரை மறுபடி கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் வழக்கறிஞர். கணவர் மறுபரிசோதனைக்குப் போகும்போது, அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர், தொழில் வெல்டிங் என்ற இரண்டையும் ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எலும்பு டாக்டர்கள் கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்காவிட்டால் விட்டுப்போகும்.